வன்னி வீட்டுச் சுவர்களும் அவற்றில் நாம் மாட்டும் படங்களும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

வன்னியில் மீள்குடியேற்றத்தின் பின்னர் எழுந்த வீடுகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் எத்தனையோ செய்திகளும் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. வீட்டுத்திட்டப் பணம் போதுமா, கூரைக்கு ஓடா சீற்றா, கிணறு உண்டா, மலசலகூடம் உண்டா என்பவை எல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அந்த வீடுகளின் உட்சுவர்களில் என்ன தொங்குகிறது, அதை யார் விரும்பித் தெரிந்தெடுத்தார், அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி எவரும் எழுதியதை நான் காணவில்லை. கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளில் நீண்ட காலம் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இதைப் பற்றி எழுதுகிறேன். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணி வாசகர்கள் கடந்துபோகாமல் இருக்க வேண்டுகிறேன்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த 550,000 ரூபாவைக் கொண்டு சுவரை எழுப்பி, கூரை போட்டு, கதவு யன்னல் பூட்டும்போதே பலருக்குக் காசு முடிந்துவிட்டது. உட்பூச்சு இல்லாமல், சீமெந்துக் கல் தெரிய ஆண்டுக்கணக்கில் இருந்த வீடுகள் எங்கள் ஊர்களில் ஏராளம். பிறகு ஒரு நல்ல போகத்தில் முன் ஹோலுக்குப் பூச்சு, இன்னொரு போகத்தில் பெயின்ற், வெளிநாட்டிலிருந்து தம்பியோ மகளோ அனுப்பிய காசில் மாபிள் என்று வீடு மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. பெயின்ற்றின் நிறத்தையும் மாபிளின் பூவையும் குடும்பமாகக் கடைக்குப் போய்ப் பார்த்து, விலை பேசி, நாலு பேரிடம் கேட்டுத் தெரிவு செய்கிறோம். சுவரில் மாட்டும் படம் மட்டும் கேளாமலே வந்து சேருகிறது. குடிபூரலுக்கு வந்தவர் கொடுத்த அன்பளிப்பு, புடவைக்கடை தந்த கலண்டர், தவணைமுறையில் சாமான் விற்க வந்தவர் கட்டிவிட்டுப் போன நீர்வீழ்ச்சி, வாஸ்துவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் வாங்கிய ஏழு வெள்ளைக் குதிரைகள் என்று சுவர் நிறைந்துவிடுகிறது. அந்தப் படங்களில் குற்றம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஏழு குதிரைகளை உண்மையிலேயே விரும்புகிற ஒருவர் தம் வீட்டில் அவற்றை மாட்டட்டும். ஆனால் வாழ்நாளெல்லாம் நாம் எதிரே உட்கார்ந்திருக்கப் போகிற ஒன்றை நாமே தெரிந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணமே எங்களிடம் இல்லாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

சாமி படங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளுக்குள் முதலில் வருவது அவைதான். கூரை போட்டு முடிவதற்கு முன்பே பிள்ளையார் வந்துவிடுகிறார். தாமரையில் நிற்கும் லக்சுமியும் வீணையேந்திய சரஸ்வதியும் ஆதிகாலம் தொட்டு இதே தோற்றத்தில்தான் இருந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவித் தாம் வரைந்த தெய்வ உருவங்களைக் கல்லச்சில் வண்ணப் படங்களாக அடித்து விற்ற பின்னரே, சேலை உடுத்த அந்த உருவங்கள் சாதாரணக் குடும்பங்களின் சுவர்களுக்கு வந்தன. அதன் பிறகு கோவில்பட்டியில் இருந்துகொண்டு ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் கலண்டர்களாக அச்சாகித் தமிழர் வாழும் இடமெங்கும் பரவின. எங்கள் சாமி அறையில் இருக்கும் படத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் தூரிகையும் உழைப்பும் இருக்கின்றன என்பதை அறிந்தால், ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துப் படங்களை ஒட்டிவைக்காமல், நல்ல அச்சில் உள்ள ஒன்றிரண்டை வாங்கி ஒழுங்காகக் கண்ணாடி போட்டு வைக்கும் எண்ணம் வரும். மடு மாதாவின் படம் இருக்கும் கிறிஸ்தவ வீடுகளுக்கும், அரபு எழுத்தணி இருக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் இதே கருத்துப் பொருந்தும். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே நெருக்கி வைக்கக் கூடாது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். திரியின் புகையும் சூடும் சேர்ந்து எத்தனையோ முருகன் படங்களின் கீழ்ப்பாதியைக் கறுக்க வைத்திருக்கின்றன.

அடுத்து, வன்னி வீடுகளில் மிகவும் பெறுமதி வாய்ந்தவை என்று நான் கருதும் படங்களைப் பற்றிப் பேச வேண்டும். அவை இறந்தவர்களினதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களினதும் படங்கள். ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் போய்விட்டன. பிறேமையும் கண்ணாடியையும் கழற்றி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதுவும் முடியாதவர்கள் பின்னர் அடையாள அட்டையில் இருந்தும், உறவினரின் கல்யாண அல்பத்தில் இருந்தும் ஒரு முகத்தைத் தேடி எடுத்துப் பெருப்பித்து வைத்திருக்கிறார்கள்.

விசுவமடுப் பக்கத்தில் ஒரு தாயின் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கும் படம் அவருடைய மகனின் வகுப்புக் குழுப்படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்தது. முகத்தில் புள்ளிகள் தெரிகின்றன. கண்கள் சற்று மங்கல். இடது ஓரத்தில் பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவனின் வெள்ளைச் சட்டைத் தோள் பாதி தெரிகிறது. ஸ்ரூடியோவில் அந்தத் தோளை அழித்து, பின்னால் நீலத் திரையும் மகனுக்குக் கோட்டும் சூட்டும் போட்டுத் தருவதாகச் சொன்னார்களாம். அந்தத் தாய் மறுத்துவிட்டார். தன் மகன் ஒருநாளும் கோட் போட்டதில்லை என்றும், பக்கத்தில் நின்ற பிள்ளையும் ஒரு வீட்டுப் பிள்ளை என்றும் அவர் சொன்னார். சித்திரம் படித்த எவரும் அவருக்கு அழகியல் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கும் இல்லை. மகன் வருவான் என்று காத்திருக்கும் வீடு அது. இறந்தவரின் படங்களோடு சேர்க்காமல் அதைத் தனிச் சுவரில், வாசலைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறார். இவ்வாறான வீடுகளுக்குப் போகும் உறவினர்கள், நல்லெண்ணத்திலேனும், மாலை வாங்கிக்கொண்டு போகாதிருக்க வேண்டும்.

இத்தகைய படங்களைப் பற்றி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, மூலப்படத்தை ஒருபோதும் சுவரில் மாட்டக் கூடாது என்பதைத்தான். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கையில் ஏந்தியிருந்த படங்கள் வெயிலிலும் மழையிலும் என்ன ஆகின என்பதை எல்லோரும் பார்த்தோம். மூலப்படத்தை நல்ல முறையில் ஸ்கேன் செய்து, அதன் பிரதியைச் சுவருக்கும் வெளியே கொண்டுபோவதற்கும் வைத்துக்கொண்டு, மூலத்தை ஒரு தாள் உறையில் இட்டு இருளான, உலர்ந்த அலுமாரிக்குள் பத்திரப்படுத்த வேண்டும். பிரதி வெளிறினால் இன்னொன்று எடுக்கலாம். மூலம் போனால் அந்த முகமே போய்விடும்.

இயற்கைக் காட்சிகளிலும் தெரிவு வேண்டும். இரணைமடு வான் பாய்வதும், சுண்டிக்குளத்தில் பறவைகள் இறங்குவதும், சூடடித்த வயலும், வட்டாப்பளை அம்மன் பொங்கலும், காய்த்து நிற்கும் பாலைமரமும் எங்கள் கண் முன்னால் இருக்க, சுவிற்சலாந்து மலையை ஏன் மாட்டுகிறோம் என்று என் மாணவர்களிடம் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் மண்ணின் காட்சி என்பதாலேயே அது எல்லாச் சுவருக்கும் பொருந்திவிடாது. அந்திச் செம்மையில் நந்திக்கடலும் அதில் ஒரு தோணியும் வரையப்பட்ட படம் கொழும்பில் இருந்து வந்த ஒருவருக்கு மிக அழகாக இருக்கலாம். 2009 மே மாதத்தில், போரின் இறுதி நாள்களில், அந்த நீருக்குள்ளால் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நடந்தவருக்கும், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்தவருக்கும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியுமா என்று கேட்க வேண்டும். சிலர் முடியும் என்கிறார்கள். அந்த இடத்தை மறக்கக் கூடாது என்று விரும்பி மாட்டியும் இருக்கிறார்கள். சிலருக்கு முடியவில்லை. இரண்டு விருப்பமும் மதிக்கப்பட வேண்டியவை. ஆகவே படம் வாங்கும்போது, அதற்கு எதிரே அதிக நேரம் உட்காரப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அவர் வீட்டில் உள்ள அம்மாவாகவோ அம்மம்மாவாகவோ இருப்பார், அவரிடந்தான் ஒருவரும் கேட்பதில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் அவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவில் இருந்து கீறித் தர, அவற்றைத் தம் சித்திரங்களோடு சேர்த்து 2011இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதைப் பார்த்த பிறகு நான் வகுப்பில் பிள்ளைகளிடம், உங்கள் அம்மம்மாவைக் கேட்டு அவருடைய பழைய வீட்டைக் கீறிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். வந்த படங்களில் அளவுகள் எல்லாம் பிழை. குசினியைவிடக் கிணறு பெரிது, மாட்டுக்கொட்டிலைவிடப் பலாமரம் பெரிது. ஆனால் எது எங்கே இருந்தது, எந்தப் பக்கத்து வேலியில் பொட்டு (நுழைந்து போகும் சிறு வழி) வைத்துப் பக்கத்து வளவுக்குப் போவார்கள், எந்தத் திண்ணையில் யார் படுத்திருப்பார் என்பதெல்லாம் பிசகாமல் இருந்தன. அப்படி ஒரு தாளைக் கண்ணாடி போட்டுப் புதிய வீட்டின் ஹோலில் மாட்டினால், பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த படம் எந்தக் கடையில் கிடைக்கும்? நிறமூட்டிய பனையோலைப் பின்னல் வேலையையும் சுவருக்கு உரிய அலங்காரமாக எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கை வேலை தெரிந்த பெண்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

எதை மாட்டினாலும் எங்கள் காலநிலையை அறிந்து மாட்ட வேண்டும். எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடையோடு வருகிறது. வடக்கையும் கிழக்கையும் பார்த்த வெளிச்சுவர்கள் அந்தக் காலத்தில் நனைந்து, உட்பக்கம் வரை ஈரம் ஊறுகின்றன. கடற்கரைப் பக்கத்து மணலைக் கழுவாமல் கட்டிய வீடுகளில் அதோடு உவரும் பூக்கிறது. படத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்மட்டையில் கறுத்த பூஞ்சணமும், சுவரில் மாப்போல உதிரும் பூச்சும் இருக்கும். ஆகவே நல்ல படங்களுக்கு அறைகளைப் பிரிக்கும் உட்சுவரே ஏற்றது. வெளிச்சுவரில்தான் இடம் உண்டு என்றால், பிறேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கமாகச் சிறு தக்கைத் துண்டோ இறப்பர்த் துண்டோ ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போக வழி விடவேண்டும். புரட்டாதியில் ஒருமுறையும் மாரி முடிந்து தையில் ஒருமுறையும் எல்லாப் படங்களையும் இறக்கிப் பின்பக்கத்தைத் துடைத்தால், கறையான் சுவர் வழியே புற்றெடுத்து பிறேமுக்குள் ஏறுவதையும் நேரத்தோடு கண்டுகொள்ளலாம்.

கண்ணாடி போடும் கடைகளில் படத்தைக் கண்ணாடியோடு நேரடியாக அழுத்திப் பூட்டிவிடுகிறார்கள். ஈரக் காலத்தில் புகைப்படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்; பிறகு பிரித்தெடுக்க முயன்றால் முகமே உரிந்து வரும். படத்தைச் சுற்றி ஒரு மவுண்ட் மட்டை வைத்தோ, அதற்கு வசதியில்லாவிட்டால் ஓரங்களில் மெல்லிய மட்டைக் கீலம் வைத்தோ இடைவெளி விடும்படி கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். செலவு அதிகம் இல்லை. கேட்பவர்கள் இல்லாததால்தான் அவர்கள் செய்வதில்லை.

வெயிலும் பெரிய எதிரி. மேற்கு யன்னலால் பின்னேர வெயில் விழும் சுவரில் மாட்டிய மலிவான அச்சுப்படங்களில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும். நீலம் மட்டும் மிஞ்சி, பட்டுச்சேலை உடுத்த தெய்வமும் பச்சை வயலும் ஒரே சாம்பல் நீலமாகி நிற்கும். அவ்வாறு வெளிறிய படமொன்றை பிறேமில் இருந்து கழற்றிப் பார்த்தால், மரச் சட்டத்தின் கீழ் மறைந்திருந்த ஓரத்தில் விரற்கடை அகலத்துக்குப் பழைய நிறம் அப்படியே இருப்பதைக் காணலாம். சாய மையில் அச்சிட்டவை விரைவில் வெளிறும், நிறமி மையில் அச்சிட்டவை கூடுதலான காலம் தாங்கும் என்பதால், டிஜிற்றல் அச்சுக்குக் கொடுக்கும்போது எந்த மை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டும் உயரத்தில்தான் எங்கள் வீடுகளில் அதிக குழப்பம். முகட்டைத் தொடும் உயரத்தில் கயிற்றில் கட்டி, முன்னே சரிந்து நிற்கும்படி மாட்டும் பழக்கம் பழைய கல்வீடுகளின் உயர்ந்த சுவர்களோடு வந்தது. இன்றைய சிறிய ஹோலில் அவ்வாறு மாட்டினால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். ஓவியக் காட்சிக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து ஏறக்குறைய 57 தொடக்கம் 60 அங்குல உயரத்தில் வரும்படி மாட்டுகிறார்கள், ஏனென்றால் அங்கே மக்கள் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். நாங்கள் ஹோலில் உட்கார்ந்து பார்ப்பதால் இன்னும் சில அங்குலம் கீழே வந்தால் நல்லது. செற்றிக்கு மேலே மாட்டுவதானால் அதன் சாய்மானத்தில் இருந்து 6 தொடக்கம் 8 அங்குல இடைவெளி போதும். படத்தின் அகலம் செற்றியின் அகலத்தில் மூன்றில் இரண்டளவு இருந்தால் பார்வைக்கு அமைதியாக இருக்கும். பல சிறிய படங்களைச் சேர்த்து மாட்டுபவர்கள், ஒவ்வொன்றின் அளவுக்கும் பழைய பத்திரிகைத் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்து, இடம் சரியென்று கண்ட பிறகே ஆணி அடிக்க வேண்டும். சீமெந்துப் பூச்சில் சாதாரண ஆணி அடித்தால் பூச்சுப் பெயரும். துளைபோட்டு ரோல் பிளக் வைத்துத் திருகாணி பூட்டுவதே பாரமான பிறேமுக்குப் பாதுகாப்பு. சுவிச்சுக்கு நேர் மேலே ஒருபோதும் துளைபோடக் கூடாது, அந்த வழியாகத்தான் வயர் இறங்கி வருகிறது.

இனி, படத்தை வரைபவர்களைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்கு (1933–2000) போன்றவர்கள் தம்மிடம் வந்த பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்ததால் அங்கே ஒரு மரபு உருவாயிற்று. வன்னியிலும் சித்திரத்தில் திறமை காட்டி, பல்கலைக்கழகம் வரை போய் நுண்கலை படித்துவிட்டு வந்த இளையவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் அவர்களுக்குக் கிடைப்பது பெயர்ப்பலகை எழுதும் வேலையும், மண்டபங்களுக்குப் பின்திரை வரையும் வேலையுந்தான். பிறேம் செய்பவருக்குக் காசு கொடுக்கிறோம், ஆணி அடிக்க வருபவருக்கும் கொடுக்கிறோம். வரைபவரிடம் மட்டும், "தம்பி, சும்மா ஒரு படம் கீறித் தாவன்" என்கிறோம். வீடு முழுவதும் மாபிள் பதித்தவர் அந்தச் செலவில் சிறிதளவை ஒதுக்கினாலே ஓர் இளைஞரிடம் தம் வளவின் மாமரத்தையோ தம் தாயின் முகத்தையோ வரைவித்து, அதற்குரிய கூலியையும் மரியாதையாகக் கொடுக்கலாம். பாடசாலைக் கண்காட்சிகளில் பரிசு பெற்ற படங்கள் களஞ்சிய அறையில் கட்டாகக் கிடந்து கறையானுக்குப் போவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவற்றைப் பெற்றோரும் அயலவரும் விலை கொடுத்து வாங்கிச் செல்ல ஒரு நாள் ஒழுங்கு செய்ய எந்தப் பாடசாலைக்கும் பெரிய செலவு ஏற்படாது.

இந்த விடயத்தில் தங்கள் பத்திரிகையால் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. பெரும்பாலான வன்னி வீடுகளுக்குள் படம் நுழைவது இன்றைக்கும் கலண்டர் வழியாகத்தான். அடுத்த ஆண்டுக்குத் தாங்கள் வெளியிடும் கலண்டரில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்த பன்னிரண்டு இளம் ஓவியர்களின் படங்களை மாதத்துக்கு ஒன்றாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவரின் பெயரும் ஊரும் இருக்கட்டும்; அச்சிடும் உரிமைக்கு உரிய தொகை அவர்களுக்குக் கிடைக்கட்டும். திகதிகள் வரும் பகுதியைப் படத்தின் மேல் அச்சிடாமல் அடியில் தனியாக, கத்தரித்து எடுக்கக்கூடிய விதமாக வைத்து, படத்தைச் சுற்றி ஒரு அங்குல வெள்ளை ஓரமும் விட்டால், மாதம் முடிந்ததும் விரும்பியவர் அதை வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். தாள் சற்றுத் தடிப்பாகவும் மினுக்கம் இல்லாததாகவும் இருந்தால் நல்லது. படங்களைத் தெரிவு செய்யும் வேலையில் உதவ எங்கள் மாவட்டத்துச் சித்திர ஆசிரியர்கள் பலர் முன்வருவார்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
கிளிநொச்சி.